39 பட்டன் போட்டாச்சு, 40ஆவது ஏன் சேரவில்லை? படகு கவரின் ரகசியம்

[திரையில்: கவரின் மூலை, அதைப் பிடித்து இழுக்கும் இரண்டு கைகள்]

இந்தக் கைகள் என்னுடையவைதான். 39 பட்டன் போட்டாயிற்று, 40ஆவது மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. குறைவது ஒரு விரல் அகலம். அளந்தது சரி, வெட்டியது சரி, தைத்ததும் சரி. அப்படியென்றால் அந்த ஒரு விரல் எங்கே போனது? கண்டுபிடித்துவிடலாம், வாருங்கள்.

துணியைப் பற்றி அவசரமாக ஒரு வரி. முன்பு ஹெம்ப் எனும் கஞ்சாச் செடி நாரிலும் பருத்தியிலும் நெய்தார்கள், இப்போது படகுக்குப் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. இந்தத் துணிக்கு வந்த கேன்வாஸ் என்ற பெயரே கன்னாபிஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆமாம், அதே செடிதான். இதற்காக வீடியோவை ரிப்போர்ட் செய்துவிடாதீர்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் தப்பு, டேப்பை நம்புவது. படகின் உடம்பு ஒரே சமயத்தில் இரண்டு பக்கமாக வளைகிறது. ஆரஞ்சுத் தோலை மேசையில் வைத்துத் தட்டையாக அழுத்திப் பாருங்கள், கிழியும். அதையே தலைகீழாகச் செய்வதுதான் நம் வேலை. தட்டையான துணியை வளைவின் மேல் உட்கார வைக்க வேண்டும். நீளம், அகலம் என்று இரண்டு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு இது நடக்காது.

அதனால் பேட்டர்னை, அதாவது துணியை வெட்டுவதற்கான மாதிரி வடிவத்தை, படகின் மேலேயே எடுக்க வேண்டும். இழுத்தால் நீளாத பிளாஸ்டிக் ஷீட், டபுள் சைடு டேப், ஒரு மார்க்கர் பேனா, இவ்வளவு போதும். ஷீட்டை விறைப்பாக ஒட்டி விளிம்பு, மடிப்பு, ஜிப் வரும் இடம் எல்லாவற்றையும் அதன் மேலேயே வரையுங்கள். இரண்டு துண்டு சேரும் கோட்டில், ஒரு சாண் இடைவெளியில் குறுக்கே சின்னச் சின்னக் கோடு போடுங்கள். தைக்கும்போது இந்தக் கோடும் அந்தக் கோடும் சந்திக்க வேண்டும். எது வெளிப்பக்கம், எது படகின் முன்பக்கம் என்றும் எழுதுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்று நினைத்துத்தான் ஒரு துண்டை நான் உள்வெளியாக வெட்டினேன்.

மேலே மடக்குக் கூரை இருந்தால், அதன் குழாய்ச் சட்டத்தை நிமிர்த்தி, வார் எல்லாவற்றையும் இறுக்கிய பிறகே ஷீட்டைத் தொடுங்கள். சட்டம் நகர்ந்தால் அளவும் நகரும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். இடது பக்கத்துக்குப் பேட்டர்ன் எடுத்தாயிற்று. வலதுக்கு அதையே திருப்பிப் போட்டு வெட்டினால் என்ன? பாதி வேலை மிச்சம்! இந்த ஆசையில்தான் ஊரே விழுகிறது. அச்சில் வார்த்த உடம்பு இரண்டு பக்கமும் ஓரளவு ஒத்துப் போகலாம். ஆனால் கைப்பிடிக் கம்பியை வளைத்துப் பொருத்தியது ஒரு மனிதர். கயிறு கட்டும் கொக்கிக்குத் துளை போட்டதும் ஒரு மனிதர். எங்கள் படகில் இடது கம்பிக்கும் வலது கம்பிக்கும் இரண்டு விரல் வித்தியாசம். பார்த்தால் தெரியாது. நானும் திருப்பிப் போட்டுத்தான் வெட்டினேன். ஒரு பக்கம் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது, மறுபக்கம் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல் தொங்கியது. நம் முகமே இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை, படகை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

சரி, அந்த ஒரு விரல்? அது தையலுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு தையலிலும் 1 மில்லிமீட்டர் கூடுதலாக மடித்தால் யாருக்கும் தெரியாது. 12 தையல் என்றால் 12 மில்லிமீட்டர். படகு கவருக்கு வழக்கமாகப் போடும் பிரஸ் பட்டனின் தலையே சுமார் 15 மில்லிமீட்டர்தான். போதாததற்கு, நூல் இறுக்கம் அதிகமானால் துணியே கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும்.

அதனால் பட்டனை மேசையில் வைத்து அடிக்காதீர்கள். தைத்து முடித்த கவரைப் படகின் மேல் போட்டு, நடுவிலிருந்து தொடங்கி, இடமும் வலமும் மாற்றி மாற்றி இழுத்து, மூலைக்குக் கடைசியாக வாருங்கள். நான் அடித்தது மூலையிலிருந்து. அதான் 40ஆவது வரவில்லை.

[திரையில்: கைக்குட்டை]

ஒரு கைக்குட்டையை எடுங்கள். நூல் போகும் திசையில் இழுத்தால் அசையாது. மூலைக்கு மூலை இழுங்கள், ரப்பர் மாதிரி நீள்கிறதா? துண்டை இப்படி மூலைவாட்டில் வெட்டினால் உங்கள் கவரும் இதே மாதிரிதான் தொய்யும்.

படகைச் சுற்றிலும் அடைக்கும் திரையில் ஜன்னலாக வைக்கும் கிளியர் வினைல், அதாவது கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ஷீட், வேறு ரகம். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கி விறைக்கும். உச்சி வெயிலில் அளந்து வெட்டினால் குளிர்ந்த காலையில் பட்டன் எட்டாது. மிதமான வெயிலில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் திரையையும் மூடிவிட்டு இன்ஜினை மட்டும் ஓட்ட வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

மழைக்கு வருவோம். 1 சதுர மீட்டர் தொய்வில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 50 கிலோ. அதாவது கவர் மேல் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்த கணக்கு! தொய்ந்த இடத்தில் தண்ணீர் சேரும், சேர்ந்த தண்ணீர் இன்னும் தொய்ய வைக்கும். அடியில் ஒரு கம்பு கொடுத்துக் கூடாரம் மாதிரி சரிவு வையுங்கள். கம்பு படும் இடத்தில் ஒட்டுத்துணி போட மறக்காதீர்கள்.

உங்கள் படகில் இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம்? அளந்து கமெண்டில் போடுங்கள். பூஜ்யம் என்று எழுதப்போகிறவர்களே, நிஜமாகவே அளந்தீர்களா?