ஏரி வற்றும்போது தேக்கடி

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை விட்டால் புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வேன் பிடித்துத் தேக்கடிக்குக் கிளம்புகிறோம். திரும்பி வருபவர்களில் பலர் சொல்வது, "ஒன்றரை மணி நேரம் படகில் தண்ணியைத்தான் பார்த்தோம், ஒரு விலங்கும் கண்ணில் படவில்லை." அவர்கள் போன நேரம் அப்படி.

தேக்கடி ஏரி இயற்கை ஏரி அல்ல. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம் அது. பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். சுற்றியுள்ள புலிகள் காப்பகமோ 925 சதுர கிலோமீட்டர். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அந்தத் தண்ணீர் தேனி மாவட்டத்துக்கு இறங்குகிறது. நீர்மட்டம் குறையக் குறையக் கரையில் சேறும் அதன்மேல் இளம்புல்லும் வெளிப்படும். காட்டுக்குள் ஓடைகளும் வற்றியிருக்கும். யானை, காட்டெருமை, கடமான், காட்டுப்பன்றி எல்லாம் கரைக்கு வந்தே தீரவேண்டும். ஏரி நிரம்பியிருந்தால் தண்ணீர் மரத்தடி வரை நிற்கும். விலங்கு பத்தடி உள்ளே நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. நம் நாளிதழ்களில் தினமும் வரும் முல்லைப் பெரியாறு நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பெரும்பாலான ஆண்டுகளில் மார்ச், ஏப்ரல் நல்லது. மே மாதம் கூட்டம் அதிகம். கோடைமழை பெய்துவிட்டால் காட்டுக்குள்ளேயே குட்டைகள் நிரம்பி, விலங்குகள் ஏரிக்கு வரும் தேவையும் குறைந்துவிடும்.

விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், தேனி, கம்பம் வழியாகத் தேக்கடியை ஒட்டிய ஊரான குமுளிக்குப் புதுச்சேரியிலிருந்து சுமார் 430 கிலோமீட்டர். விழுப்புரத்தில் இரவு ரயில் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் போவது உடம்புக்கு நல்லது. சொந்த வண்டி படகுத்துறை வரை போகாது; ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் போகவேண்டும். இதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுக்க மறந்து படகைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர்.

படகுச் சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். காலை முதல் படகு, இல்லையென்றால் மாலைக் கடைசிப் படகு. உச்சிவெயில் படகில் போனால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், விலங்குகளும் நிழலில்தான் இருக்கும். புலியை எதிர்பார்த்து ஏறவேண்டாம். படகிலிருந்து அது தெரிவது அபூர்வம். 8 மடங்கு தொலைநோக்கி போதும். 10 மடங்கு என்றால் படகு ஆட்டத்தில் காட்சியே நிலைக்காது.

தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களை விட்டுவிடாதீர்கள். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றின்மேல் சிறகை விரித்துக் காயவைக்கும். இந்த இரண்டு பறவைகளையும் புதுச்சேரிக்கு அருகே நம் ஊசுட்டேரியில் பார்த்துப் பழகிக்கொண்டு போனால் அங்கே யாரும் அடையாளம் சொல்லவேண்டியதில்லை. கரையோரச் சேற்றில் நீர்நாய்க் கூட்டம் தென்பட்டால் அது பெரிய அதிர்ஷ்டம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மேல்தளத்தில் இருப்பவர்கள் ஒரே பக்கம் நகர்ந்தால், உயரத்தில் இருக்கும் அந்த எடை படகைச் சாய்த்துவிடும். யானையே வந்தாலும் இருக்கையை விட்டு எழாதீர்கள். உயிர்காப்பு உடையின் பட்டைகளை இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக இருந்தால் தண்ணீரில் அது மட்டும் மேலே ஏறிவிடும்.

நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு மூங்கில் தெப்பப் பயணம் படகைவிடப் பல மடங்கு மேல். பாதி நடை, பாதி துடுப்பு. வழிகாட்டிகளும் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும் கூட வருவார்கள். காட்டுத்தீ அபாயம் கூடினால் நடைப்பயணத்தை நிறுத்துவதும் உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். பச்சை, காக்கி நிறத்தில் உடுத்துங்கள். வெள்ளை வேட்டி, சட்டை தூரத்திலிருந்தே தெரியும். மழைக்காலத்தில் அட்டைக்கு முழங்கால்வரை தடித்த துணியுறை வேண்டும். கடித்த அட்டையை வெடுக்கென்று இழுக்காமல் அதன் வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தால் நெம்பித் தள்ளிவிடுங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் ஒரு பொருளை அது உள்ளே விட்டிருக்கும். அதனால் சிறிது நேரம் கசியும். சோப்பு போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

சித்ரா பௌர்ணமியன்று காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் திறக்கும், ஆண்டுக்கு அந்த ஒரே நாள். கோயிலுக்கென்றால் அன்று போங்கள். படகுக்காகப் போகிறவர்கள் குமுளி நெரிசலில் மாட்டாமல் இரண்டு நாள் தள்ளிப் போகலாம்.