துத்தநாகத்தை விடாத நொதி

வணக்கம் நேயர்களே. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்தவர்கள் மெரோபெனம் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். மற்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் பலிக்காதபோது டாக்டர்கள் எடுக்கும் ஊசி அது. அதையே உடைத்துப் போடும் ஒரு பாக்டீரியா நொதியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்டிஎம்.

இந்தியாவில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008-இல் இது முதலில் கண்டறியப்பட்டது. 2010-இல் வந்த ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 பாக்டீரியா மாதிரிகளில் இருந்தது. பெயரில் டெல்லி எப்படி வரலாம் என்று நாம் போட்ட சண்டை பெரிது. அந்த நொதி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

மெரோபெனம், பென்சிலின் எல்லாவற்றிலும் நான்கு அணுக்கள் கொண்ட சின்ன வளையம் ஒன்று உண்டு. அது உடைந்தால் மருந்து வீண். என்டிஎம்மின் நடுவே ஒரு பள்ளம். அதில் இரண்டு துத்தநாக அயனிகள். முதலாவதை ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று பிடித்திருக்கின்றன. இரண்டாவதை வேறு மூன்று அமினோ அமிலங்கள்: ஓர் அஸ்பார்ட்டேட், ஒரு சிஸ்டீன், ஒரு ஹிஸ்டிடின். இரண்டுக்கும் இடையே தண்ணீரிலிருந்து வந்த ஒரு ஹைட்ராக்சைடு. மருந்து பள்ளத்துக்குள் வந்ததும் அந்த ஹைட்ராக்சைடு வளையத்தின் கார்பனைத் தாக்குகிறது, நைட்ரஜனோடு இருந்த பிணைப்பு அறுகிறது. துத்தநாகம் இல்லையென்றால் இந்த வேலை நடக்காது.

நம் உடம்புக்கும் இது தெரியும் போலிருக்கிறது! தொற்று உள்ள இடத்தில் வெள்ளணுக்கள் கால்புரோடெக்டின் என்ற புரதத்தைக் கொட்டி, துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பாக்டீரியாவைப் பட்டினி போடும் உத்தி.

சரி, இப்போது என்டிஎம்-5 என்ற திரிபைப் பாருங்கள். 2011-இல் பிரிட்டனில், அதுவும் இந்தியாவில் மருத்துவமனையில் இருந்து வந்த ஒருவரிடம் கிடைத்தது. முதலில் கண்டறியப்பட்ட வடிவமான என்டிஎம்-1-இலிருந்து இரண்டே இடங்களில் மாற்றம்: அமினோ அமில வரிசையில் 88-ஆம் இடத்தில் வாலினும் 154-ஆம் இடத்தில் மெத்தியோனினும் போய், இரண்டிலும் லூசின். துத்தநாகத்தைத் தொடும் ஆறு அமினோ அமிலங்களில் ஒன்றுகூட மாறவில்லை. அப்புறம் என்ன லாபம்? துத்தநாகம் தட்டுப்பாடான சூழலிலும் இது தாக்குப்பிடிக்கிறது. மருந்தை இன்னும் வேகமாக வெட்டுவதைவிட உலோகத்தைக் கைவிடாமல் இருப்பதுதான் பாக்டீரியாவுக்கு ஆதாயம் என்று இந்தத் திரிபுகளைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது.

இடுக்கியைப் போல உலோகத்தைக் கவ்வும் இடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், ஆய்வகத் தட்டில் இந்த நொதி முடங்கிவிடும். நோயாளிக்கு அப்படிக் கொடுக்க முடியாது; நம் சொந்த நொதிகள் பலவும் துத்தநாகத்தை நம்பியவை. ஆகவே டாக்டர்கள் வேறு வழியில் போகிறார்கள். என்டிஎம்மால் உடைக்க முடியாத மருந்து அஸ்ட்ரியோனம். ஆனால் அதே பாக்டீரியாவில் அதை உடைக்கும் வேறு நொதிகளும் பெரும்பாலும் இருக்கும். அவற்றை அடக்க அவிபாக்டம் என்ற இன்னொரு மருந்தையும் சேர்க்கிறார்கள். இந்தக் கூட்டு மருந்துக்கு 2024-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.