கூரைக்குக் கீழே நடுப்பகல்

வேலூர் நேயர்களுக்கு வணக்கம். நம் ஊர்க் கத்திரி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்த வெயில் எல்லார் வீட்டுக்குள்ளும் ஒரே அளவாக இறங்குவதில்லை. முப்பது ஆண்டுகளாக வீடு கட்டிவரும் பொறியாளன் நான். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கடைவீதிப் பக்கம் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்குள் நண்பகலில் நுழைந்திருப்பீர்கள். தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல், சுண்ணாம்புக் காரை, தட்டோடு. அத்தனை கனத்தையும் தாண்டி வெயில் உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நம் வேலூரின் காகிதப்பட்டறை, சைதாப்பேட்டை மலையடிவாரங்களில் விரல் கனம்கூட இல்லாத சிமெண்ட் ஷீட்தான் கூரை. முதுகுப்பக்கம் மரமில்லாத பாறை. இரவிலும் அனல் விடும்.

ஒரு பாட்டியம்மாவைச் சொல்லவேண்டும். பீடி சுற்றுபவர். அவருடைய ஷீட் வீட்டை இடித்து, கான்கிரீட் தளம் போட்டு, ஜன்னல் வைத்துக் கொடுத்தேன். அடுத்த சித்திரையில் போனால், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில், தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார். "உள்ளே ஃபேன் இருக்கிறதே அம்மா?" என்றேன். "ஃபேனைப் போட்டால் தூள் பறக்கும் தம்பி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். திண்ணை இருந்ததே, அதை ஏன் இடித்தாய்?" என்று கேட்டார். வெளிச்சமும் காற்றும் உள்ள அவருடைய வேலைக்கூடம் அந்தத் திண்ணைதான். வரைபடத்தில் அதை வீணான இடம் என்று கழித்தவன் நான். அன்றிலிருந்து, யாருக்கு வீடு கட்டினாலும், பகலில் எங்கே உட்கார்ந்து வேலை செய்வீர்கள் என்று முதலில் கேட்கிறேன். திரும்பவும் சொல்கிறேன்: பகலில் எங்கே உட்காருவீர்கள்? ஏழை வீட்டில் இதைக் கேட்பவர் மிகக் குறைவு.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிச் சட்டமே, ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி என்று அறிவிப்பதற்கான காரணங்களில், வீடுகளில் காற்றோட்டமும் வெளிச்சமும் இல்லாததையும் சேர்த்திருக்கிறது. குடிசை போய்க் கான்கிரீட் வந்த பிறகு அந்த இரண்டையும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. எனக்கு இது பெரிய வேதனை.

மலைச் சந்துகளின் மழைநீர் வடிகால் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரமாகிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சித்திரை பிறப்பதற்குள் கான்கிரீட் மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, பசை கலந்து, இரண்டு பூச்சு. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும். நீற்றும்போது கொதிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். வணக்கம்.