ஏழு வருடம் எப்போது முடிந்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய அயர்லாந்துக் கைதிக்கு அந்த நாடு கடத்தல் தண்டனையா, மறுவாழ்வா? தண்டனைதான் என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் தாமஸ் மஹரைக் காட்டினார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1848 ஐரிஷ் கிளர்ச்சிக்காக ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள தாஸ்மானியத் தீவுக்கு அனுப்பப்பட்டவர், பிற்பாடு அமெரிக்காவில் படைத்தளபதி, மொன்டானாவின் பொறுப்பு ஆளுநர் என்றார். சரி, அமெரிக்காவுக்கு எப்படிப் போனார்? 1852-ல் அந்தத் தீவிலிருந்து தப்பி ஓடி! இன்னொரு ஐரிஷ் போராளி ஜான் பாயில் ஓ'ரெய்லியும் அப்படித்தான். 1868-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் இறக்கினார்கள். அடுத்த வருடமே திமிங்கில வேட்டைக் கப்பலேறித் தப்பினார். பாஸ்டனில் பத்திரிகை ஆசிரியர் ஆனது அதற்கு அப்புறம். வாழவைத்த மண்ணை விட்டு உயிரைப் பணயம் வைத்து ஓடுவார்களா ஐயா?

ஓடாதவர் ஒருவரைச் சொல்கிறேன். ஜான் கெல்லி. அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்து ஏழை. இரண்டு பன்றிகளைத் திருடியதாக ஏழு வருடத் தண்டனை. 1841-ல் டப்ளினில் கப்பலேற்றினார்கள். 1842 ஜனவரியில் தாஸ்மானியாவின் ஹோபார்ட்டில் இறங்கினார். இரண்டு பன்றிக்கு உலகத்தின் மறுகோடி!

"ஊரில் இருந்திருந்தால் பஞ்சத்தில் செத்திருப்பார்" என்று எதிரணித் தோழி ஒருவர் வாதாடினார். அந்தப் பஞ்சத்தைக் கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியது 1845-ல். இவரை அனுப்பியது அதற்கு நான்கு வருடம் முன்னால். வராத பஞ்சத்திலிருந்து காப்பாற்றவா கப்பலேற்றினார்கள்? அவர் பிழைத்தது தற்செயல். அதை ஆட்சியாளரின் கருணைக் கணக்கில் எழுத நான் விடமாட்டேன்.

1848-ல் தண்டனை முடிந்தது. ஆனால் ஊர் திரும்பக் கப்பல் கூலி யார் கொடுப்பார்? கொண்டுபோய்த் தள்ள அரசிடம் பணம் இருந்தது. திருப்பி அனுப்பும் கடமை அதற்கு இல்லை. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் உள்ள விக்டோரியாவுக்குப் போனார். எல்லன் க்வின் என்ற ஐரிஷ் பெண்ணை மணந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள், நிலம் வாங்கிப் பார்த்தார். எதிரணி இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறது. என்னால் நிறுத்த முடியவில்லை.

1865-ல் அவெனல் என்ற சிற்றூரில் மறுபடி கைது. கன்றைத் திருடினார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனாலும் கன்றின் தோல் கையில் இருந்ததே என்று 25 பவுண்டு அபராதம், இல்லையென்றால் ஆறு மாதக் கடுங்காவல். பணம் ஏது? உள்ளே போனார். கப்பலிலிருந்து இறங்கி இருபத்து மூன்று வருடம் கழித்தும் அதே வறுமை, அதே சிறைக்கதவு. இதையா மறுவாழ்வு என்கிறீர்கள்?

வெளியே வந்தவர் உடைந்துபோன மனிதர். குடி, உடம்பெல்லாம் நீர்வீக்கம். 1866 டிசம்பர் 27-ல் இறந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அப்பா செத்துப்போனார் என்று அரசாங்கப் பதிவேட்டில் எழுதிவைக்கப் போனவன் பன்னிரண்டு வயதை ஒட்டிய மூத்த மகன். பெயர் நெட் கெல்லி, பின்னாளில் ஆஸ்திரேலியாவே அறிந்த கொள்ளைக்காரன். 1880 நவம்பர் 11-ல் மெல்போர்ன் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

நடுவர் அவர்களே, அந்தச் சிறுவன் பதிவேட்டின் முன் நின்றானே, அவனை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.