மடையை அடைச்சா தண்ணி எங்க போகும்?

வணக்கமுங்க. முப்பது வருசமா டிராக்டர் பட்டறையில கெடக்குறவன் நான், என்னைய ரேடியோவுல பேசக் கூப்ட்ருக்காங்கன்னதும் வீட்ல ஒரே சிரிப்பு. சரி, விசயத்துக்கு வர்றேன்.

தென்னந்தோப்புக்குள்ள திரும்ப வசதியா இருக்குன்னு இப்ப நெறைய பேரு 20, 25 ஹெச்பி குட்டி வண்டியா எடுக்குறாங்க. அதுல பின்னால லிஃப்ட் இருக்கும், மண்ணைக் கெளறுற ரொட்டவேட்டர தூக்கும் எறக்கும். ஆறு மாசம் போனதும் வருவாங்க, "அண்ணா, டிப்பர் ட்ரெய்லர் வாங்கிட்டேன், தொட்டியத் தூக்குற ஜாக்கிக்கு ஆயில் எடுக்க ஒரு வால்வு போட்டுக் குடுங்க"ன்னு. போட்டுடலாமுங்க. ஆனா அந்த ஆயில் எந்த வழியா திரும்பிப் போகுதுன்னு கேட்டுட்டுத்தான் ஸ்பேனர தொடணும்.

கெணத்து மோட்டார் ஓடிட்டே இருக்குன்னு வைங்க, வாய்க்கால்ல மடையை அடைச்சா என்ன ஆகும், வரப்பு ஒடையும். பெரும்பாலான சின்ன வண்டியில இதே கதைதான், இன்ஜின் ஓடுற வரைக்கும் பம்ப் ஆயில தள்ளிட்டேதான் இருக்கும், வேலை இல்லைன்னா ஆயில் சும்மா சுத்தி வந்துரும், எதையாவது தூக்கும்போதுதான் பிரஷர் ஏறும்.

இது எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலைங்க, பட்டுத் தெரிஞ்சது. தொழில் ஆரம்பிச்ச புதுசுல ஒருத்தருக்குப் பழைய லீவர் வால்வு ஒன்னை மாட்டி, பம்புல இருந்து வால்வு, வால்வுல இருந்து லிஃப்ட்டுன்னு நேரா ஹோஸ் குடுத்துட்டேன். டிப்பர் ஜம்முனு ஏறுச்சு. டீ, வடையெல்லாம் வாங்கிக் குடுத்தாரு. மறுநாள் காலையில மாமனாருக்குக் காட்டுறேன்னு வெள்ளை வேட்டியில வந்து நின்னாரு, ரொட்டவேட்டர மாட்டி லிஃப்ட்ட தூக்குனேன், டப்புன்னு ஒரு சத்தம், லீவர் சீல் பிச்சுக்கிட்டு ஆயில் பூரா வேட்டி மேல. மாமனாரு ஒன்னும் பேசலைங்க, தோள்ல இருந்த துண்டை எடுத்து நீட்டுனாரு, அதான் இன்னிக்கும் கண்ணுல நிக்குது.

காரணம் என்னன்னா, நான் லிஃப்ட்டுக்குக் குடுத்தது வால்வோட ரிட்டர்ன் வாய். அது டேங்குக்குச் சும்மா வடியுற வழி, பிரஷர் தாங்காது. பின்னால லிஃப்ட் லோடு எடுத்ததும் மொத்த பிரஷரும் அங்க ஏறிருச்சு. அதுக்குத்தான் "பவர் பியாண்ட்" வால்வுன்னு இருக்கு, லிஃப்ட்டுக்குப் பிரஷரோட ஆயில் போக அதுல தனி வாய் இருக்கும், கடையில அந்தப் பேரையே சொல்லிக் கேளுங்க. பம்புல இருந்து உள்ள ஒரு ஹோஸ், லிஃப்ட்டுக்கு ஒன்னு, டேங்குக்குத் தனியா ஒன்னு. திரும்பவும் சொல்றேன், டேங்குக்குத் தனியா ஒன்னு. ஹோஸ் காசு மிச்சம்னு அதை விட்றாதீங்க.

பம்ப் பத்தாதோன்னு சில பேரு பயப்படுவாங்க. 150 கிலோ பிரஷர்ல உள்விட்டம் 60 எம்எம் இருக்குற ஜாக்கி நாலு டன்னுக்கு மேல தள்ளும், மெதுவா ஏறும், அவ்ளோதான். ஆனா சின்ன வண்டி நெறையாத்துல கியர் பாக்ஸ் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் ஒன்னுதான், பழைய ட்ரெய்லர் ஜாக்கியில கெடக்குற கருப்புத் தண்ணி நேரா உங்க கியர் பாக்ஸுக்கு வந்துரும். ஜாக்கிய வடிச்சுட்டு மாட்டுங்க. ஹோஸ மாட்டிக் கழட்டுற கப்ளர துணியால தொடைங்க, ஜாக்கிய முழுசா எறக்கிட்டு ஆயில் லெவல் பாருங்க.

அட, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க. ஆபத்து பத்தித் தனியா சொல்லணும்னு எழுதி வெச்சிருந்தேன், வேகமா சொல்லிர்றேன். ஹோஸ்ல கசிவை வெரலால தடவிப் பாக்காதீங்க, அட்டையக் காட்டிப் பாருங்க, அந்தப் பிரஷர்ல ஆயில் தோலுக்குள்ள எறங்கிரும், வலி இல்லைன்னாலும் உடனே ஆஸ்பத்திரி போகணும். தூக்குன ட்ரெய்லருக்கு அடியில போறதா இருந்தா ஜாக்கிய நம்பாம முட்டுக் குடுத்துட்டு... சரிங்க, முடிச்சுட்டேன், வர்றேனுங்க.