பள்ளம் தோண்டிய சேதி

வணக்கம். என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் முதலில் சொன்ன தலைப்பு ‘முதியோரின் மலரும் நினைவுகள்’. அந்த ‘மலரும்’ மட்டும் வேண்டாமே என்று கேட்டுக்கொண்டேன். வயதானவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதைக் கேட்பதும், அவர்கள் சம்மதித்தால் பதிவு செய்து வைப்பதும் ஏழெட்டு வருடமாக என்னிடம் இருக்கிற பழக்கம். பிழைப்புக்காக இல்லை, பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை வருடம் கேட்டதில் மலர்கிற மாதிரி எதையும் அதிகம் பார்க்கவில்லை. யாருக்குக் கண் ஆபரேஷன், எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, யார் வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளையோடு போய்விட்டார்கள், பாதி நேரம் இதுதான் ஓடும். பழைய நினைவு இதற்கு நடுவில், யாரும் அழைக்காமல், கொல்லைப்புற வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆரம்பத்தில் எனக்கு இது பிடிபடவில்லை. எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் நோட்டுப் புத்தகத்தில் இருபது கேள்வி எழுதிக்கொண்டு போனேன். போனை அவர் முன்னால் வைத்து, “ஐயா, உங்க சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க” என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறந்தது, படித்தது, வேலைக்குப் போனது, கல்யாணம், பிள்ளைகள் மூன்று பேர். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். ரேஷன் கார்டுக்கு விவரம் கொடுப்பது போலச் சொல்லி முடித்துவிட்டு, “வேற என்ன தம்பி?” என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கு வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று, “அண்ணே, மேற்குப் பக்கம் போகாதீங்க, தண்ணிக் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கான், நேத்து ராத்திரி ஒருத்தர் வண்டியோட விழுந்துட்டார்” என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த இடத்துல? அந்த வளைவிலயா?” அங்கேதான் ஒரு காலத்தில் பொதுக்கிணறு இருந்தது, அதை மூடித்தான் ரோடு போட்டார்கள், அடியில் மண் இளகித்தான் இருக்கும் என்று தொடங்கியவர், கிணற்றுச் சுவர்க் கல்லில் கயிறு உராய்ந்து உராய்ந்து விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்ததையும், அந்தப் பள்ளத்தில் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பதையும், வைத்துப் பார்க்கையில் அது எப்போதும் குளிர்ச்சியாக இருந்ததையும், விடியற்காலையில் தண்ணீர் இறைக்க வரும் அக்காவுக்குத் துணையாகத் தூங்கி வழிந்துகொண்டே நின்றதையும், அந்த அக்கா பதினேழு வயதில் காய்ச்சலில் போனதையும் சொன்னார். ஒன்றே கால் மணி நேரம். என் இருபது கேள்விகளில் ஒன்றுகூட அதில் இல்லை. அக்கா ஒருத்தி இருந்ததே, நாலு நிமிடத்தில் சொன்ன அந்த விவரத்தில் கிடையாது.

அன்றிலிருந்து நான் கேள்வியை விட்டுவிட்டு, சேதி எடுத்துக்கொண்டு போகிறேன். எந்தப் பஸ் நேரம் மாறியிருக்கிறது, எந்த மரத்தை வெட்டினார்கள், யார் வீட்டில் குழந்தை பிறந்தது. வெட்டிப் பேச்சு என்று நாம் சிரிக்கிறோமே, ராபின் டன்பார் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் பொது இடங்களில் மக்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டுக் கணக்கெடுத்து 1997இல் வெளியிட்டார்கள். பேச்சு நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும்தான் போகிறதாம். சின்ன வயசு, பெரிய வயசு, எல்லோரும் அப்படித்தான். வயதானவர்களுக்கு ஒரு வசதி, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் மூன்று தலைமுறைக் கதை இருக்கிறது. அதனால்தான் அவர்களுடைய ஊர்ச்சேதி முடிவதில்லை.

பழசைப் பேசுவதையே ஒரு நோய் மாதிரி பார்த்த காலமும் இருந்தது. மூளை தளர்கிறது, நடப்பை விட்டு நழுவுகிறார் என்றுதான் பல மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். வாழ்க்கையின் முடிவு தெரியத் தொடங்கும்போது மனிதன் தன் கணக்கைத் தானே திரும்பப் பார்க்கிறான், அது இயல்பு, அதைத் தடுக்க வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் முதுமை ஆராய்ச்சிக்கென்று தேசிய நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரானவரும் அவர்தான். ஆனால் வீடுகளில் இன்னும் அந்தப் பழைய பார்வை போகவில்லை. “அப்பா, இதைப் போன வாரமே சொல்லிட்டீங்க” என்று எத்தனை வீட்டில் கேட்கிறோம்! நானும் சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகு என் அப்பா அந்தக் கதையை மறுபடி எடுக்கவே இல்லை. அதன் கடைசிப் பகுதி எனக்கு இப்போது மறந்துவிட்டது. கேட்கவும் ஆள் இல்லை.

சரி, இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் சொல்கிற வருடம் தப்பாக இருந்தால் என்ன செய்வது? இரண்டு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. ஒரு தம்பதி வீட்டில் கேட்டது இது. ஆற்றுப் பாலம் திறந்த வருடத்தைக் கணவர் அடித்துச் சொல்கிறார். அந்த அம்மா, “இல்லைங்க, அப்ப பெரியவன் என் இடுப்புல இருந்தான், கூட்டத்துல ஒண்ணும் தெரியலைன்னு என் கொண்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே அழுதான்” என்கிறார். பெரியவன் பிறந்த தேதி பத்திரத்தில் இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி. தேதி கேட்டால் அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை கொண்டையை இழுத்தது நினைவிருக்கிறது, அதிலிருந்து வருடத்தை எடுத்துவிடலாம். வெள்ளம் வந்த வருடம், மாடு கன்று போட்ட வாரம், கடைக்குட்டிக்கு நடை வந்த மாதம் என்று அவர்கள் வைத்திருப்பதும் ஒரு காலண்டர்தான், நமக்குத்தான் அதைப் படிக்கத் தெரிவதில்லை.

ஆனால் எப்போதும் இப்படிச் சரியாக வராது. ஒரு ஊரே சேர்ந்து தப்பாக நினைவு வைத்திருப்பதும் உண்டு. இத்தாலியில் டெர்னி என்று ஓர் ஊர், எஃகு ஆலை ஊர். 1949 மார்ச் 17 அன்று, இத்தாலி நேட்டோ என்ற ராணுவக் கூட்டணி ஒப்பந்தத்தில் சேர்வதை எதிர்த்து ஆலைத் தொழிலாளர்கள் ஊர்வலம் கிளம்பினார்கள். போலீசோடு மோதல் வந்தது. லூயிஜி த்ரஸ்தூல்லி என்ற 21 வயது ஆலைத் தொழிலாளி இறந்துபோனார். பல வருடம் கழித்து அலெஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அங்கே முதியவர்களிடம் போய்க் கேட்டார். பலரும் அந்தச் சாவை 1953இல் நடந்ததாகச் சொன்னார்கள். அந்த வருடம் அந்த ஆலையில் ஏராளமானவர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள், தெருவில் பெரிய போராட்டம் நடந்தது, அந்தக் கலவரத்தில்தான் பையன் செத்தான் என்றார்கள். பொய் சொல்லவில்லை, மனதார அப்படித்தான் நம்பினார்கள்.

போர்த்தெல்லி இதைத் ‘தவறு’ என்று அடித்துப் போட்டுவிட்டுப் போகவில்லை. ஏன் இத்தனை பேர் ஒரே பக்கமாகத் தவறினார்கள் என்று யோசித்தார். கண் முன்னால் கூட நடந்தவன் செத்தான், அதற்கு ஊர் பதில் ஒன்றும் செய்யவில்லை, கை கட்டி நின்றுவிட்டது, அந்த அவமானத்தோடு காலம் தள்ள முடியவில்லை. எங்கோ கையெழுத்தாகும் ஓர் ஒப்பந்தத்துக்காக நடந்த ஊர்வலத்தில் செத்தான் என்றால் மனம் ஆறவில்லை. வேலைக்காக, சோற்றுக்காக ஊரே திரண்டு நின்ற போராட்டத்தில் செத்தான் என்றால் அந்தச் சாவுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. இறந்தவனை நாலு வருடம் தள்ளிக் கொண்டுபோய், தகுந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். நடந்தது என்ன என்பதற்கு 1949ஆம் வருடத்துத் தாள்கள் போதும். அந்த ஊருக்கு எது வலித்தது என்பது இந்தத் தப்பான தேதியில்தான் இருக்கிறது. பதிவு செய்யப் போகிற இளைஞர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன், வருடத்தைத் திருத்தாதீர்கள். உங்கள் நோட்டில் சரியான வருடத்தை ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள், பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

“என் கண்ணால பார்த்தேன்” என்று அடித்துச் சொல்வதால் மட்டும் அது சரியாகிவிடாது, அதையும் சொல்ல வேண்டும். நினைவைப் பற்றியே ஆராய்ந்த உல்ரிக் நைசருக்கே இது நடந்தது. 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய சேதி வந்தபோது அவர் 12 வயதுப் பையன். ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்திச் சொன்னார்கள் என்று பல வருடம் தெளிவாக நினைவு வைத்திருந்தார். பிறகு ஒருநாள்தான் உறைத்தது, டிசம்பர் மாதத்தில் பேஸ்பால் கிடையாதே! அன்று ரேடியோவில் போனது அமெரிக்கக் கால்பந்தாட்டமாக இருக்கலாம், ஆடிய அணிகளின் பெயர் பேஸ்பால் அணிகளின் பெயர் மாதிரியே இருந்தது என்று பிறகு வேறு ஆட்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆக ரேடியோ உண்மை, சேதி உண்மை, நடுவில் ஆட்டம் மட்டும் மாறிப்போனது. நான் இப்போது பேசுவதையும் யாராவது முப்பது வருடம் கழித்து எப்படி நினைவு வைத்திருப்பார்களோ, தெரியாது.

பெரும்பாலான கதைகள் ஏன் பத்து வயதிலிருந்து முப்பதுக்குள்ளேயே சுற்றுகின்றன என்றும் பலர் கேட்பார்கள். ஆராய்ச்சியிலும் அப்படித்தான் வருகிறது, அந்த வயது நினைவுகள் தூக்கலாக நிற்கின்றன. முதல் சம்பளம், முதல் பயணம், முதல் சாவு எல்லாம் அப்போதுதானே நடக்கிறது, அதற்கு மேல் விளக்கத்தில் நான் போகவில்லை.

எனக்கு நெருடுவது வேறொன்று. “அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையா இருந்தோம்” என்று ஒருவர் சொல்லும்போது நான் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்ப்பேன். உட்கார இடம் கிடைத்தவர்கள்தான் பேசுகிறார்கள். அதே தெருவில் நின்றுகொண்டே இருந்தவர்களுக்கு, வேறு வழியாகச் சுற்றிப் போகச் சொல்லப்பட்டவர்களுக்கு, அதே வருடங்கள் வேறு மாதிரி நினைவிருக்கும். பெண்களும் அப்படித்தான். ஐந்து ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் ஒரு பாட்டி பேச ஆரம்பித்தால், மூன்றாவது வாக்கியத்தில் யாராவது குறுக்கே வந்து கதையைப் பிடுங்கிக்கொள்வார்கள். என் பழைய பதிவுகளை ஓடவிட்டுப் பார்த்தபோது பிடுங்கியவர்களில் நானும் இருந்தேன். கேட்கச் சங்கடமாக இருந்தது. இப்போதெல்லாம் அவர்களைத் தனியாக, வேலைக்கு நடுவில், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது போய்க் கேட்கிறேன். கை வேலையாக இருந்தால் பேச்சு தானாக வருகிறது. சிலர் “அதை எல்லாம் விடுப்பா” என்பார்கள். விட்டுவிட வேண்டும். அங்கே தோண்டக் கூடாது.

அப்புறம், பதிவை நிறுத்திய பிறகுதான் நல்ல விஷயம் வரும் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த தலைவிதி. கிணற்றுக் கதை சொன்ன பெரியவரிடம் விடைபெற்றுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறேன், போன் பையில் இருக்கிறது. வாசல் வரை வந்தவர் தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டே, “கிணத்தை மூடின அன்னைக்கு நான் போய்ப் பார்க்கலை தம்பி, எங்கம்மா மட்டும் போயிட்டு வந்தாங்க. வந்து, அந்தக் கல்லையும் உள்ளேயே போட்டுட்டாங்கடான்னு சொன்னாங்க” என்றார்.

நாளை மறுபடி அவர் வீட்டுக்குப் போகிறேன். போகிற வழியில் அந்தப் பள்ளத்தை மூடிவிட்டார்களா, தோண்டும்போது கல் ஏதாவது அகப்பட்டதா என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டும். போனதும் முதலில் அதைத்தான் கேட்பார். வணக்கம்.