பார்க்கிங்கை எண்ணிய முதலாளி

நண்பர்களே, வணக்கம்.

பாஸ் செய்கிற கூத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எந்தக் கூட்டமும் கலையாது. வேலைக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். நான் இன்று எடுத்துக்கொள்வது தேதியோடு பதிவான சம்பவங்கள். வயிறு குலுங்கச் சிரிக்கலாம். கூடவே எந்த இடத்தில் கோணிப்போனது என்றும் பார்த்துவிடுவோம்.

2001 மார்ச் மாதம். அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தில் செர்னர் என்று ஒரு கம்பெனி, மருத்துவமனைகளுக்கான மென்பொருள் செய்தவர்கள். அதன் தலைவர் நீல் பேட்டர்சன் காலை எட்டு மணிக்கு பார்க்கிங்கைப் பார்க்கிறார். பாதிக்கு மேல் காலி. மாலை ஐந்து மணிக்குப் பார்க்கிறார், மறுபடியும் காலி. உடனே உட்கார்ந்து சுமார் 400 மேலாளர்களுக்கு ஒரு மெயில் தட்டினார். காலை ஏழரைக்கும் மாலை ஆறரைக்கும் பார்க்கிங் நிரம்பியிருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் பாதியாவது இருக்க வேண்டும். ராத்திரி ஏழரைக்கு, பசியோடு வேலை பார்க்கிறவர்களுக்கு பீட்சா கொண்டுவருகிற ஆள் வாசலில் நிற்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வாரம் அவகாசம். கடைசியில், கடிகாரம் ஓடுகிற மாதிரி, ‘டிக், டாக்’!

ஒரு கம்பெனியின் உழைப்பை அளக்க பீட்சாக்காரர் வந்தாரா என்று பார்க்கச் சொன்ன தலைவரை நினைத்துப் பாருங்கள். அந்த மெயில் ஒரு வாரத்துக்குள் வெளியே கசிந்து, பங்கு வாங்கி விற்பவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் வந்து விழுந்தது. படித்தவர்கள், தலைவரே இப்படிப் பதறுகிறார் என்றால் உள்ளே என்னவோ சரியில்லை என்று நினைத்தார்கள். சுமார் 150 கோடி டாலர் மதிப்பிருந்த கம்பெனி, மூன்றே நாளில் 22 சதவீதம் சரிந்தது. அவர் மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெயில் அனுப்பினார்.

இங்கே இரண்டு தவறு. முதலாவது, கண்ணில் படுவதை எண்ணியது. கார் நிற்பதைப் பார்த்து, எத்தனை பேர் கட்டிடத்துக்குள் இருக்கிறார்கள் என்று தோராயமாகச் சொல்லலாம். எத்தனை வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது. காரை எண்ணுகிறார் என்று தெரிந்த மறுநாளே, வேலை இருக்கிறதோ இல்லையோ, கார் வந்து நிற்கும். இரண்டாவது, 400 பேருக்குப் போகிற மெயில் ரகசியம் என்று நம்பியது. நாலு பேருக்குத் தெரிந்ததே ரகசியம் இல்லை என்பார்கள், இது நானூறு.

அடுத்தது 2013 ஆகஸ்ட். ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் தலைவர் டிம் ஆம்ஸ்ட்ராங், உள்ளூர்ச் செய்திப் பிரிவில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று சொல்ல ஒரு கூட்டம் போட்டார். போனில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறையில் ஒருவர் கேமராவை எடுத்தார். நடுப்பேச்சில் ஆம்ஸ்ட்ராங், கேமராவைக் கீழே வை என்று சொல்லி, அதே மூச்சில் அவரை வேலையை விட்டுத் தூக்கினார். வெளியே போ என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். கூட்டம் போட்டதே, ஆட்குறைப்பைச் சொல்லும்போது கலங்கியிருந்தவர்களுக்குக் கொஞ்சம் தெம்பும் கொடுக்கத்தான்! அந்த ஒலிப்பதிவு வெளியே வந்தது. சில நாளில் ஆம்ஸ்ட்ராங் ஊழியர்களிடம் மன்னிப்பும் கேட்டார். வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

கோபம் எல்லோருக்கும் வரும். பாஸின் கோபம் மட்டும் ஊர் சிரிக்கிற அளவுக்கு வளர்வதற்குக் காரணம், அது வெளியே வருகிற வழியில், ‘சார், ஒரு நிமிஷம்’ என்று சொல்ல ஆள் இல்லாததுதான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஹென்றி ஃபோர்டைப் பாருங்கள். 1912 வாக்கில் அவர் ஐரோப்பா போய்த் திரும்பியபோது, இன்ஜினீயர்கள் ஆசை ஆசையாக மாடல் டி காரின் புது வடிவம் ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். சிவப்பு நிறம், பழையதைவிடத் தாழ்வான உடல். ஃபோர்டு பாக்கெட்டில் கைவிட்டபடி அதை மூன்று நான்கு முறை சுற்றி வந்தார். பிறகு ஒரு கதவைப் பிடித்து, கீலோடு பிய்த்து எறிந்தார். இன்னொரு கதவு. முன்கண்ணாடி. மேலே ஏறி, காலாலேயே கூரையைக் கிழித்தார். பேச்சு ஒன்றும் இல்லை. அங்கே நின்றவர் ஒருவர் சொல்லிப் பதிவானது இது. சொந்தக் காரைச் சொந்த முதலாளியே பிய்க்கிற காட்சிக்குச் சிரிப்பு வரும்தான். ஆனால் அதன்பின் புது யோசனையோடு அவர் முன்னால் போய் நிற்க யாருக்குத் துணிவு வரும்? போட்டிக் கம்பெனிகள் புதுப்புது வடிவங்களோடு முந்திக்கொண்டு போக, மாடல் டி 1927 வரை இழுத்தது. கடைசியில் அடுத்த காருக்கு மாற, தொழிற்சாலைகளை மாதக்கணக்கில் மூட வேண்டிவந்தது.

சில சமயம் கோபமே வேண்டாம், கை நழுவினால் போதும். 2012 ஏப்ரலில் அவிவா இன்வெஸ்டர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தில், வேலையை விட்டுப் போகிற ஒரே ஒருவருக்கான மெயில் 1,300 ஊழியர்களுக்கும் போய்விட்டது. கம்பெனிப் பொருளைத் திருப்பிக் கொடுங்கள், ரகசியம் காத்திடுங்கள், நல்வாழ்த்துகள். ஒரே நேரத்தில் 1,300 பேர் தங்கள் நாற்காலியைத் தடவிப் பார்த்திருப்பார்கள்!

இந்தக் கடைசி வகைக்கு மருந்து சுலபம். மெயிலை எழுதி முடிக்கும்வரை பெறுநர் இடத்தைக் காலியாக விடுங்கள். முகவரியைக் கடைசியில் போடுங்கள். அனுப்பு என்று அழுத்தியபின் சில நொடிகள் தாமதித்துப் போகும்படி அமைப்பு பல மெயில் சேவைகளில் உண்டு. அதை இயக்கி வையுங்கள். கோபத்தில் எழுதியதென்றால் வரைவிலேயே ஓர் இரவு தூங்கட்டும்.

கூத்துக்கு இலக்காகிறவர்களுக்கு ஒன்று. நடந்த அன்றே எழுதி வையுங்கள்: தேதி, மணி, இடம், யார் யார் இருந்தார்கள், சொன்ன சொல் சொன்னபடியே. ‘கத்தினார்’ என்று எழுதினால் பிறகு மறுக்கலாம். என்ன சொல்லிக் கத்தினார் என்று எழுதினால் மறுப்பது கடினம். வாய்மொழியாக வந்த வினோத உத்தரவுக்கு, ‘நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானே?’ என்று பணிவாக ஒரு மெயில் போடுங்கள். பாதி உத்தரவு அங்கேயே வாபஸ் ஆகிவிடும். அந்தக் குறிப்பை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள். உங்களுக்கு அது தேவைப்படுகிற அன்றைக்குத்தான் அந்தக் கம்ப்யூட்டரை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள்.